கோட்டை பார்த்தேன், கணக்கும் பார்த்தேன்

இரண்டாம் ஆண்டு, இளங்கலை அறிவியல் (நிலவியல்)

இங்கிலாந்திலிருந்து திரும்பிய நாள் முதல் என்னைக் காணும் நண்பர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "லண்டன் எப்படி இருந்தது?" லண்டனை நான் பார்க்கவே இல்லை. விமான நிலையத்தின் கண்ணாடி வழியே மழையைப் பார்த்தேன், அவ்வளவுதான். நான் பார்த்தது லட்லோ. "அது எங்கே இருக்கிறது?" என்பார்கள். விளக்கத் தொடங்குவதற்குள் கேட்டவருக்கு ஆர்வம் போய்விடும். ஆகவே, மலர்க் குழுப் பேராசிரியர் ஒரு பயணக் கட்டுரை எழுதித் தருமாறு பணித்தபோது, இந்த ஒரு ஊரைப் பற்றி மட்டும் எழுதுவது என்று முடிவு செய்தேன். எழுத எழுத அது பயணக் கட்டுரையாக இல்லாமல் வழக்காடும் கட்டுரையாக மாறிவிட்டது. பேராசிரியர் பொறுத்தருள வேண்டும்.

அரசுக் கல்லூரி மாணவர்களாகிய நாங்கள் இருபது பேர் இரண்டு வாரப் பயிற்சிக்காகப் பர்மிங்காம் சென்றிருந்தோம். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். கடவுச்சீட்டு எடுத்த முதல் ஆளும் நானே. என் தந்தையார் வாரச் சந்தைகளில் காய்கறி விற்பவர். திங்கட்கிழமை ஓர் ஊர், செவ்வாய்க்கிழமை இன்னோர் ஊர் என்று வாரத்தில் ஐந்து நாள் ஐந்து ஊர்களில் சாக்கை விரித்து, தராசைத் தூக்கி வைத்து, இருட்டிய பிறகு வீடு திரும்புபவர். பர்மிங்காமில் முதல் நாள் ஒவ்வொருவரும் தம்மை அறிமுகம் செய்துகொண்டபோது "என் தந்தை வணிகம் செய்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் நான் சொன்ன தோரணையில் பொய் இருந்தது. அது இக்கட்டுரைக்குத் தேவைப்படும் என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

இரண்டாவது சனிக்கிழமை ஓய்வு நாள். எங்கே போகலாம் என்ற பேச்சு வந்தது. பெரும்பாலோர் கடைத்தெருவுக்கு என்றனர். நான் மட்டும் லட்லோ என்றேன். நிலவியல் மாணவனுக்கு அந்தப் பெயர் மனப்பாடம். முதலாண்டிலேயே படிக்கிறோம் அல்லவா? சிலூரியன் காலத்தின் நான்கு பிரிவுகள்: லாண்டவரி, வென்லாக், லட்லோ, பிரிடோலி. ஏறத்தாழ 42.7 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 42.3 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலத்துக்கு உலகம் முழுவதும் 'லட்லோ' என்றே பெயர். பதினோராயிரம் பேர் கூட இருக்கமாட்டார்கள் போன்ற ஒரு சிற்றூரின் பெயர் உலகக் காலக் கணக்கில் ஏறியிருப்பதை நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஐந்து பேர் சேர்ந்தோம். எங்களுக்குத் துணையாக அந்த நாட்டு ஆசிரியை ஒருவரும் வந்தார். ஷ்ரூஸ்பரியில் ரயில் மாறி, ஆடு மேயும் குன்றுகளுக்கு நடுவே அரை மணி நேரம் போனால் லட்லோ நிலையம்.

கோட்டைக்கு முன்னால் கல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊருக்குத் தெற்கே டீம் என்ற ஆறு ஓடுகிறது. அதன்மேல் லட்ஃபர்டு பாலம் என்ற பழைய கற்பாலம். பாலத்தைத் தாண்டினால் சாலை ஓரத்திலேயே பாறை வெட்டுமுகம். அதில் விரல் தடிமனுக்கு ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது. பழங்கால மீன்களின் செதில்களும் முட்களும் நெருங்கிக் கிடக்கும் அந்த அடுக்கு 'லட்லோ எலும்புப் படுகை' எனப் பெயர் பெற்றது. ராட்ரிக் மர்ச்சிசன் 1839இல் வெளியிட்ட சிலூரியன் நூலில் இடம்பெற்ற அடுக்கு இது. வந்தவர்கள் எல்லாம் சுரண்டிச் சுரண்டி எடுத்ததால் அந்த இடமே உள்வாங்கிக் குழிந்திருக்கிறது. இப்போது சுத்தியல் வைக்கக்கூடாது. நான் தொட்டுப் பார்த்ததோடு சரி. இந்தப் பாறை கடலடியில் படிந்த நாளில் அந்த நிலமே நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்ததாம். இத்தனை குளிரான ஊர் ஒரு காலத்தில் வெதுவெதுப்பான கடலாக இருந்தது என்று நான் உணர்ச்சிவசப்பட்டு விளக்கிக் கொண்டிருந்தபோது, நண்பர்கள் நால்வரும் பாலத்தின்மேல் நின்று படம் எடுத்துக் கொண்டிருந்தார்கள்.

இடையில் ஒரு சொல். பல்லாவரம் குன்றுகளில் கிடைக்கும் கருங்கல்லுக்குச் 'சார்னக்கைட்' என்று பெயர். தாமஸ் ஹாலந்து 1893இல் சூட்டிய பெயர். கல்கத்தாவில் புதைக்கப்பட்ட கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக் என்பவரின் கல்லறையில் அக்கல் இருந்ததால் அவர் பெயரையே கல்லுக்கும் வைத்துவிட்டார். லட்லோக் கல்லுக்கு லட்லோ என்று பெயர். நம் கல்லுக்கு நம் ஊர்ப் பெயர் இல்லை. தேர்வுத்தாளில் இதை எழுதினால் மதிப்பெண் வராது. ஆனால் அந்தப் பாலத்தடியில் நின்றபோது எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

இனிக் கோட்டை.

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, வேல்ஸ் எல்லையை அடக்கி வைக்க வரிசையாகக் கோட்டைகள் எழுப்பினார்கள். லட்லோக் கோட்டை டி லேசி என்ற குடும்பத்தாரால் பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கப்பட்டது. அந்நாளில் பல கோட்டைகள் மண்மேடும் மரவேலியுமாக இருக்க, இது தொடக்கத்திலேயே கல்லால் எழுந்தது. அந்தக் கல் எங்கிருந்து வந்தது தெரியுமா? கோட்டைக்கு முன்னாலேயே அகழி தோண்டினார்கள். தோண்டிய கல்லை எடுத்து மதிலாக அடுக்கினார்கள். பள்ளமும் கிடைத்தது, சுவரும் கிடைத்தது. நான் பாலத்தடியில் தொட்ட அதே காலத்துக் கடல் மண்ணே இந்த மதிலும். சில கற்களில் சிப்பித் தடங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. எந்த அரசனுடைய கதையைவிடவும் அதுவே எனக்கு இனித்தது.

உள்ளே நுழைந்ததும் பரந்த புல்வெளி. அதைத் தாண்டினால் உள்கோட்டை. கூரை எதுவும் இல்லை. மண்டபத்தின் சன்னல்களுக்குப் பின்னால் வானம் தெரிகிறது. மாடியில் கணப்பு அடுப்புகள் சுவரோடு தொங்குகின்றன. நிற்கத் தளம் இல்லை. முற்றத்தின் நடுவே பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சிற்றாலயம் ஒன்று வட்ட வடிவில் நிற்கிறது. இங்கிலாந்துக் கோட்டைகளில் வட்டக் கோயில் அரிதினும் அரிது என்றார் ஆசிரியை. இடிந்ததை இடிந்தபடியே விட்டு, மேலும் விழாமல் மட்டும் பார்த்துக் கொள்கிறார்கள். புதிய சாந்து பூசி வண்ணம் அடித்து அதன் கழுத்தை நெரிக்கவில்லை. இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். கூரை போன கட்டடத்தில்தான் அது கட்டப்பட்ட விதம் தெரியும். நிலவியல் மாணவனுக்கு வெட்டுமுகம் எப்படியோ அப்படி.

அரசர் கதைகளும் இங்கே ஏராளம். நான்காம் எட்வர்டின் மகன் பன்னிரண்டு வயதில் இங்கிருந்துதான் 1483இல் முடிசூடப் புறப்பட்டான். முடிசூட்டு விழா நடக்கவே இல்லை; லண்டன் கோபுரத்தில் தம்பியோடு மறைந்து போனான். ஏழாம் ஹென்றியின் மூத்த மகன் ஆர்தர், மணமாகி ஐந்து மாதம் ஆகுமுன் 1502 ஏப்ரலில் இந்தக் கோட்டையில் இறந்தான். வயது பதினைந்து. நம் கணக்கில் பத்தாம் வகுப்பு. அவன் மனைவி கேதரினைப் பின்னர் மணந்தவர்தான் எட்டாம் ஹென்றி. அந்த மணவிலக்கு வழக்கில் ஒரு நாட்டின் சமயமே மாறிற்று. 1634இல் மில்டனின் 'கோமஸ்' முதன்முதல் அரங்கேறியதும் இந்தக் கூரையில்லா மண்டபத்தில்தான். இவற்றையெல்லாம் வரலாற்றுத் துறையினரும் ஆங்கிலத் துறையினரும் என்னைவிட நன்கறிவார்கள். நான் விரைந்து கடக்கிறேன்.

நின்று பார்க்க விரும்புவது ஒரேயொரு ஆண்டை: 1811.

இந்தக் கோட்டை வேல்ஸ் எல்லையை ஆண்ட மன்றத்தின் தலைமையிடமாக நெடுநாள் இருந்தது. 1689இல் அந்த மன்றம் கலைக்கப்பட்டது. பிறகு கவனிப்பார் இல்லை. கூரை ஈயம் போயிற்று, மரம் மக்கிற்று, கொடி படர்ந்தது. 1811இல் அரச உடைமையாக இருந்த இந்த இடிபாட்டை 1,560 பவுனுக்கு விலைக்கு வாங்கினார் போவிஸ் பிரபு. இன்றளவும் அக்குடும்பத்தின் பண்ணை உடைமையாகவே கோட்டை இருக்கிறது. நுழைவுச் சீட்டு வாங்கும் இடத்தில் கிடைத்த தாளில் இந்த விற்பனை பற்றிய வரியை எங்கள் குழுவில் இருந்த நெல்லைச் சீமை நண்பன் படித்தான். அவன் வரலாறு படிப்பவன். "போவிஸ் பிரபுவா? கிளைவ் குடும்பமா? எந்தக் கிளைவ்லே?" என்று கைபேசியை எடுத்தான். இரண்டு நிமிடத்தில் அவன் முகம் சிவந்துவிட்டது.

எட்வர்ட் கிளைவ். ஆர்க்காட்டு முற்றுகைக்கும் பிளாசிப் போருக்கும் பெயர் போன ராபர்ட் கிளைவின் மூத்த மகன். இருபது ஆண்டுகள் லட்லோவின் நாடாளுமன்ற உறுப்பினர். அதன் பிறகு, 1798 முதல் 1803 வரை, சென்னை ஆளுநர்! அந்த ஐந்து ஆண்டுகளில் நம் மண்ணில் என்னென்ன நடந்தன என்று எண்ணிப் பாருங்கள். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு சுல்தான் மாண்டார். அதே ஆண்டு அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801இல் ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலேறினர். ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப் பகுதியும் அந்த 1801இல்தான் கம்பெனியின் கைக்கு வந்தது. நியாயமாகச் சொன்னால், இம்முடிவுகள் பலவும் தலைமை ஆளுநர் வெல்லெஸ்லியின் மூளையில் பிறந்தவை. ஆயினும் சென்னைக் கோட்டையில் ஆளுநர் நாற்காலியில் அமர்ந்திருந்தவர் எட்வர்ட் கிளைவ்தான்.

அதாவது, பாஞ்சாலங்குறிச்சியில் ஒரு மண்கோட்டை மண்ணோடு மண்ணாக்கப்பட்டபோது அந்த மாகாணத்தின் ஆளுநராக இருந்த மனிதர், பத்தே ஆண்டுகள் கழித்து, தம் ஊரில் இடிந்து கிடந்த கோட்டையைப் பரிவோடு விலைக்கு வாங்கினார். அங்கே அவருடைய மனைவி பிறந்த போவிஸ் குடும்பத்தார் முன்னமே, 1772இல், மதிலைச் சுற்றி மக்கள் உலவ நடைபாதைகள் அமைத்திருந்தார்கள். பழைய சுவரின் அருமை தெரியாதவர்கள் அல்லர் அவர்கள். தெரிந்தவர்கள். அதுதான் என்னை உறுத்துகிறது.

நெல்லை நண்பன் வாயிலிலேயே நின்றுவிட்டான். "எங்க ஊர்க் கோட்டையத் தரைமட்டமாக்குனவன் வாங்குன கோட்டைக்கு நான் எதுக்குலே துட்டுக் கொடுக்கணும்? நீங்க போயிட்டு வாங்க" என்றான். வாயிலுக்கு வெளியே கிரிமியப் போரில் பிடித்து வந்த ருசியப் பீரங்கி ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதனருகே போய் உட்கார்ந்துகொண்டான். சென்னையிலிருந்து வந்த வணிகவியல் நண்பனோ, "இருநூறு வருஷத்துக் கதைய இப்ப எதுக்குடா கிளர்றீங்க? வெயில் இருக்கும்போதே உள்ள போய்ப் படம் எடுத்துக்கலாம் வா" என்று என் கையைப் பிடித்து இழுத்தான்.

இந்த இருவரில் யார் சொல்வது சரி? இதுதான் நான் உங்கள் முன் வைக்கும் வழக்கு. இருவர் கட்சியும் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் வாயிலில் நின்றவனுக்கு என் மறுமொழி. கிளைவ் வாங்கியதால் கோட்டை கிளைவுடையது ஆகிவிடுமா? அவர் வாங்கும்போதே அதற்கு எழுநூறு வயது. அகழியில் இறங்கிக் கல் பிளந்தவன் எவனோ, பெயர் தெரியாத கூலி. அவன் கட்டியதைப் பார்ப்பதற்கு நான் கொடுக்கும் பணத்தைக் கிளைவுக்குக் கொடுத்த கப்பமாக நான் கருதவில்லை. மேலும், நாம் வெளியே நின்றுவிட்டால் உள்ளே இருக்கும் கதையை யார் முழுதாகச் சொல்வது? அந்நாட்டவர்க்கு 1811 ஒரு விற்பனை ஆண்டு. அதை 1801ஓடு சேர்த்துப் படிக்கத் தெரிந்தவன் நம் நெல்லை நண்பன் ஒருவன்தான் அன்றைக்கு அங்கே இருந்தான். அவனே பீரங்கியடியில் உட்கார்ந்துவிட்டால்?

படம் எடுக்க இழுத்தவனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பழையதைக் கிளற வேண்டாம் என்றால் இத்தனை தொலைவு வந்து பழைய கோட்டையை ஏன் பார்க்க வேண்டும்? ஆர்தர் இளவரசன் இறந்து ஐந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. அதைப் பலகை வைத்துச் சொல்கிறார்கள். நாமும் உச்சுக் கொட்டிக் கேட்கிறோம். இருநூறு ஆண்டு மட்டும் பழங்கதையாகிவிடுமா? பதினைந்து வயதுப் பையனுக்கு இரங்கிய மனம் கயத்தாற்றுப் புளியமரத்தை நினைத்தால் என்ன குறைந்துவிடும்?

ஆனால் கணக்குப் பார்ப்பவன் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 1,560 பவுனும் சென்னைப் பணம் என்று நான் சொல்லமாட்டேன். அதற்குச் சான்று என்னிடம் இல்லை. தெரிந்தது இவ்வளவே. எட்வர்டின் மனைவி ஹென்ரியட்டா போவிஸ் குடும்பத்தில் பிறந்தவர். அக்குடும்பத்துக்கு நிலமும் பெயரும் இருந்தன. கூடவே கடனும் இருந்தது. கிளைவ் வீட்டில் இந்தியாவில் சேர்த்த செல்வம் இருந்தது. 1784இல் நடந்த திருமணத்தில் பெயரும் பணமும் கைகோத்தன. போவிஸ் மாளிகை வேல்ஸ் நாட்டில் இருக்கிறது. திப்புவின் கூடாரமும், அவருடைய அரியணையை அணி செய்த பொன் புலித்தலைகளில் ஒன்றும் இன்றும் அங்கேதான் காட்சிக்கு இருக்கின்றன. அதைப் பார்க்க எங்களுக்கு நாள் போதவில்லை.

ஹென்ரியட்டா அம்மையாரைப் பற்றி இன்னொரு செய்தி. 1800ஆம் ஆண்டில் இரு பெண்மக்களுடன் சென்னையிலிருந்து புறப்பட்டு, ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர், திருச்சி, தஞ்சை, தரங்கம்பாடி என்று மாதக்கணக்கில் சுற்றி வந்தவர் அவர். செடிகளிலும் கற்களிலும் அளவற்ற ஆர்வம் உடையவர். பின்னாளில் அவர் உருவாக்கிய கனிமத் தொகுப்பு இன்று கார்டிஃப் நகரில் வேல்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதைப் படித்தபோது நான் சற்றுக் குழம்பிப் போனேன். கல்லைக் கண்டால் குனிந்து எடுக்கும் பெண்மணி! எங்கள் துறையில் சேர்ந்திருந்தால் கள ஆய்வுக்கு முதல் ஆளாக வந்திருப்பார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வராததற்காக என்மேல் கொஞ்சம் கோபம் வந்தது. மனிதர்களைக் கட்சி பிரித்து நிறுத்துவது பட்டிமன்றத்தில் எளிது; அருங்காட்சியகத்தில் அத்தனை எளிதாக இல்லை.

ஆகவே நான் சீட்டு வாங்கினேன், உள்ளே போனேன், கோபுரத்தின் உச்சி வரை ஏறினேன். மேலேயிருந்து பார்த்தால் ஊர் முழுவதும் தெரிகிறது. கோட்டை வாயிலிலிருந்து நேராக ஒரு சதுக்கம். அதில் கோடு போட்ட கூரைத் துணிகள் வரிசை வரிசையாக. அன்று சந்தை நாள்!

பயணம் புறப்பட்ட வாரமே தந்தையார் தொலைபேசியில் கேட்ட முதற் கேள்வி, "அங்க சந்தை இருக்குதா கண்ணு?" என்பதுதான். "இங்கிலாந்துல போய்ச் சந்தையப் பாக்கவா வந்தேன், போங்கப்பா" என்று எரிந்து விழுந்தேன். கோபுரத்தின் உச்சியில் நின்றபோது அது நினைவுக்கு வந்தது. படியிறங்கிய வேகத்தில் வட்டக் கோயிலை இரண்டாம் முறை பார்க்க மறந்துவிட்டேன்.

லட்லோ சந்தை ஊர். கோட்டைக்குப் பின்னால் அதை ஒட்டித் திட்டமிட்டுத் தெருப் பிரித்துக் குடியேற்றிய ஊர். முதலில் கம்பளியும் துணியும், பின்னர் கையுறைத் தொழிலும் அதற்குச் சோறு போட்டன. ஊரைச் சுற்றிய மதிலுக்கு 1233இல் அரசாணை கிடைத்தது. அதற்குப் பணம் எங்கிருந்து? விற்பனைக்கு வரும் சரக்குகள் மீது சுங்கம் தண்டிக்கொள்ள அரசன் உரிமம் அளித்தான். வண்டிக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு என்று வாங்கிய காசில் எழுந்தது மதில். எங்கள் ஊர்ச் சந்தையில் அடிக்காசு வாங்குவதில்லையா, அதுபோல. ஆக, ஊர் மதிலின் கல் ஒவ்வொன்றும் சந்தைக்காரன் கொடுத்த காசு.

அந்த மதில் சந்தைக்காரனைக் காத்ததா? 1459 அக்டோபரில் அரசன் படைக்கும் யார்க் கோமகன் படைக்கும் லட்ஃபர்டு பாலத்தருகே போர் மூள இருந்தது. கோட்டையின் உடையவரான யார்க் கோமகன் தம் பக்கத்துப் படைவீரர் கட்சி மாறியதைக் கண்டதும் இரவோடு இரவாக ஓடிவிட்டார். மறுநாள் அரசன் படை ஊருக்குள் புகுந்து கொள்ளையடித்தது. கோட்டைக்காரர் தப்பினார், கடைக்காரர் அகப்பட்டார். வரலாற்றுப் புத்தகத்தில் அந்தக் கோமகனுக்கு இரண்டு பக்கம் உண்டு. கொள்ளை போன கடைக்கு அரை வரி. நம் பாடப் புத்தகங்களும் இப்படித்தான் என்பதை வரலாற்றுத் துறைப் பேராசிரியர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்று நம்புகிறேன். ஒப்புக்கொள்ளாவிட்டால் நேரில் வந்து திட்டு வாங்கிக் கொள்கிறேன்.

கோட்டை இடிந்து முந்நூறு ஆண்டுகள் ஆகின்றன. சந்தை இன்னும் கூடுகிறது. இப்போது வாரத்தில் பல நாள் கூடுகிறது. சதுக்கத்தின் நடுவே செங்கல்லால் கட்டிய பழைய நகர மன்றக் கட்டடம் ஒன்று ஏறத்தாழ நூறாண்டு இருந்தது. 1986இல் அதை இடித்தார்கள். அந்த இடத்தில் சந்தை மீண்டும் திறந்த வெளியில் பரவிற்று. கட்டடத்தை இடித்துச் சந்தைக்கு இடம் விட்ட ஊர் என்றால் என் தந்தையார் நம்பமாட்டார். சந்தை இடத்தில் கட்டடம் எழுப்பும் செய்திகளையே அவர் கேட்டுப் பழகியவர்.

ரொட்டிக் கடை, பாலாடைக்கட்டிக் கடை, பூச்செடிக் கடை, பழைய பொத்தானும் கரண்டியும் விற்கும் கடை. ஒரு மூலையில் காய்கறிக் கடை. வயதான கடைக்காரர். கூடையில் மொச்சையைப் போன்ற பச்சைக் காய் குவிந்திருந்தது. என்னையறியாமல் ஒன்றை எடுத்து நடுவில் ஒடித்துப் பார்த்தேன். 'டக்' என்று ஒடிந்தால் அன்று பறித்தது. வளைந்தால் முந்தாநாள் சரக்கு. இது எங்கள் வீட்டுப் பாடம். கடைக்காரர் கோபித்துக் கொள்வார் என்று அஞ்சினேன். அவர் சிரித்துவிட்டார். "கடை வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளையா?" என்று கேட்டார்.

பக்கத்தில் ஆசிரியை நின்றிருந்தார். நண்பர்கள் நின்றிருந்தார்கள். ஒரு கணம் தயங்கினேன். பிறகு, "ஆமாம், என் தந்தை சந்தையில் காய்கறி விற்கிறார், தரையில் சாக்கு விரித்து" என்றேன். ஆசிரியையின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. சென்னை நண்பன் மட்டும், "டேய், பிசினஸ்னு சொன்னியேடா!" என்று என் விலாவில் குத்தினான். கடைக்காரருக்கு அதற்கப்புறம் நான் வெளிநாட்டு ஆள் இல்லை. மழை பெய்தால் வியாபாரம் எப்படி, மிஞ்சும் காயை என்ன செய்வது, எத்தனை மணிக்கு எழுந்து வருகிறீர்கள் என்று இருபது நிமிடம் பேசினோம். என் ஆங்கிலம் இரண்டு வாரப் பயிற்சியில் ஓடாத ஓட்டம் அந்த இருபது நிமிடத்தில் ஓடியது. அவரும் விடியுமுன் எழுபவர்தான். அவர் மகனும் கடைக்கு வருவதில்லையாம்.

நெல்லை நண்பன் பீரங்கியடியிலிருந்து எழுந்து வந்து சேர்ந்துகொண்டான். பசி. கோட்டைக்குக் காசு கொடுக்க மறுத்தவன் சந்தையில் தாராளமாகச் செலவழித்தான். ஸ்ட்ராபெரிப் பழம் இரண்டு பெட்டி வாங்கி எல்லாருக்கும் கொடுத்தான். ரயிலில் வரும்போது உள்ளே என்னென்ன இருந்தன என்று என்னிடம் துருவித் துருவிக் கேட்டான். "நீயே போய்ப் பார்த்திருக்கலாமே" என்றேன். "பார்த்திருக்கலாம்லே" என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். 1974இல் தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் எழுப்பிய நினைவுக் கோட்டைக்குப் பள்ளி நாட்களில் ஆண்டுதோறும் போனதாகவும், பழைய கோட்டையின் சுவர் ஒன்றாவது முழுதாக மிஞ்சியிருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு முறையும் தோன்றியதாகவும் சொன்னான். அவன் உள்ளே வராததன் உண்மைக் காரணம் காசு இல்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அவனோடு நான் நடத்திய வழக்கில் பாதியை அங்கேயே திரும்பப் பெற்றுக்கொண்டேன். மீதிப் பாதியில் இன்னும் உறுதியாக இருக்கிறேன்: அடுத்த முறை அவன் உள்ளே போக வேண்டும், நான் அருகில் இருக்க வேண்டும்.

ஊர் திரும்பிய மறுநாள் தந்தையாருக்குக் கைபேசியில் படங்களைக் காட்டினேன். கோபுரம், வட்டக் கோயில், கூரையில்லா மண்டபம் எல்லாவற்றையும் விரலால் தள்ளிவிட்டார். கிளைவ் கதையைச் சொன்னேன். "நம்மூர்ல இருந்தவனா?" என்று ஒருமுறை கேட்டார். சந்தைப் படம் வந்ததும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தார். கூரைத் துணி எப்படிக் கட்டியிருக்கிறார்கள், தராசு எங்கே, காயைத் தரையில் வைக்காமல் மேசையில் ஏன் வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"அடிக்காசு யார் வாங்கறாங்க? குத்தகைக்காரனா?"

"இல்லீங்கப்பா. ஊர் மன்றமே நேரா வாங்கிக்குதாம்."

"எவ்வளவுன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. இருபது நிமிடம் பேசியும் அதை மட்டும் கேட்க மறந்துவிட்டேன். "இவ்வளவு தூரம் போயி அதக் கேக்காம வந்துட்டியே சாமி" என்று சொல்லிவிட்டு, விடிந்தால் சந்தை என்பதால், சாக்குகளை மடித்து வைக்க எழுந்து போனார்.